பொங்கலுக்கு வந்தவன் போட்ட அப்டேட்

தை பொறந்தா வழி பொறக்கும்னு சொல்வாங்க. இந்தத் தையில எனக்கு ஆறு நாள் வழி அடைச்சுக் கிடந்தது. அடைச்சவன் நான் பெத்த மகன்தான். பாசத்துலதான் செஞ்சான். கெட்ட எண்ணத்துல செஞ்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன். பாசத்துல செஞ்சதாலதான் இதை உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கு. ஏன்னா இதே பாசத்தோட உங்கள்ல பலரும் ஊருக்கு வருவீங்க, அப்பா போனைக் கையில எடுப்பீங்க.

காணும் பொங்கல் அன்னைக்கு ராத்திரி அவனுக்கு சென்னைக்கு பஸ். சாப்பிட்டுட்டு சும்மா இருந்த நேரத்துல என் போனை வாங்கிப் பார்த்தான். "என்னப்பா, பெரிய அப்டேட் ஒண்ணு ரெண்டு மாசமா காத்துக்கிட்டு நிக்குது, நீங்க கண்டுக்கவே இல்லையே"ன்னான். அவன் போன் நெட்டை என் போனுக்குக் கொடுத்தான். இடம் பத்தலன்னு சொல்லுச்சு. நாலஞ்சு வீடியோவை அழிச்சான். இறங்குச்சு. "காலையில பாருங்க, புது போன் மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டு பட்டனை அழுத்திட்டு பஸ் ஏறிட்டான்.

காலையில பார்த்தேன். புதுசாத்தான் இருந்துச்சு. கடிகாரம் பெரிசா தெரிஞ்சுது. வழக்கம்போல விரலை வச்சேன், திறக்கல. பேட்டர்ன் போடச் சொல்லுச்சு.

போன் அணைஞ்சு மறுபடி உயிர் பெற்றா முதல் தடவை விரல் ரேகையை ஏத்துக்காது, பேட்டர்னோ நம்பரோ போட்டாத்தான் திறக்கும். பாதுகாப்புக்காக அப்படி வச்சிருக்காங்க. நியாயமான ஏற்பாடுதான். ஆனா அந்தப் பேட்டர்னைப் போட்டது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மக. அவளுக்கும் ஞாபகம் இல்ல, எனக்கும் இல்ல. தினமும் விரலை வச்சே பழகினவனுக்குக் கோலம் எங்க ஞாபகம் இருக்கும்? நாலு தடவை தப்பாப் போட்டேன், அஞ்சு தடவை தப்பாப் போட்டேன். பொறு பொறுன்னு நேரத்தைக் கூட்டிக்கிட்டே போச்சு.

அந்த நிலையில போன் அடிச்சா எடுக்கலாம். ஆனா யாருன்னு பேர் வராது, வெறும் நம்பர்தான் வரும். நாமளா யாரையும் கூப்பிட முடியாது. வீட்டுக்காரம்மா கிட்ட இருக்கிற பட்டன் போன்ல மகனைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் இல்லப்பா, கடையில கொடுத்து ரீசெட் பண்ணச் சொல்லுங்க"ன்னான். அவனுக்கு அது ஒரு வார்த்தை. டவுனுக்குப் போய்க் கொடுத்தேன். எல்லாத்தையும் துடைச்சுட்டான். துடைச்சு முடிச்சதும் போன் அடுத்த கேள்வி கேட்டுச்சு: "இதுல முன்னாடி இருந்த ஜிமெயில் கணக்கும் பாஸ்வேர்டும் என்ன?"

இதுவும் திருடனுக்காகப் போட்ட பூட்டுதான். திருடினவன் துடைச்சுட்டு விக்கக்கூடாதுன்னு வச்சது. திருடன் கையில மாட்டினா சரி. வீட்டுக்காரன் வெளியில நிக்கிறானே, என்ன பண்றது? அந்த ஜிமெயிலை எனக்கு ஆரம்பிச்சுக் கொடுத்தது போன் வித்த கடையில நின்ன பையன். பாஸ்வேர்டு அவன் போட்டது. மறந்தா மீட்கிறதுக்குக் கொடுக்கிற நம்பரும் அவன் நம்பர். அந்தப் பையன் கடையை விட்டுட்டு திருப்பூர் போயி ஒரு வருஷம் ஆகுது.

யோசிச்சுப் பாருங்க. பன்னிரண்டாயிரம் ரூபா எண்ணிக் கொடுத்து வாங்கின போன். ரெண்டு வருஷமா என் சட்டைப் பையில இருந்தது. அதோட சாவி ஒரு நாளும் என்கிட்ட இருந்ததில்ல, அது எனக்கே தெரியல.

இப்ப வயலுக்கு வாங்க. ஒன்பது மா சம்பா, சி.ஆர். 1009, அறுப்புக்குத் தயாரா நிக்குது. பெல்ட் மெஷின் புரோக்கர்கிட்ட பொங்கல் முடிஞ்ச மூணாம் நாள்னு சொல்லி வச்சிருந்தேன். முதல் நாள் போன் போட்டு உறுதி பண்ணினாத்தான் வண்டி வரும், இல்லன்னா அடுத்த ஊருக்குப் போயிடும். அவன் நம்பர் போனுக்குள்ள. சிம்மை எடுத்துப் பட்டன் போன்ல போட்டேன், சிம்முல மூணே மூணு நம்பர் இருந்துச்சு. மிச்சம் எல்லாம் அந்த ஜிமெயில் கணக்குக்குள்ள. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பக்கத்து ஊர்ல அவனைத் தேடிப் புடிக்கிறதுக்குள்ள வண்டி வேற பக்கம் போயிடுச்சு. நாலு நாள் தள்ளிப் போச்சு. இடையில ஒரு மழை. கதிர் சாய்ஞ்சுடுச்சு. சாய்ஞ்ச பயிரை அறுக்க மெஷினுக்கு மணிக்கணக்கு ஏறும். மூணு மணி நேரத்துல முடியவேண்டியது அஞ்சு மணி நேரம் ஆச்சு. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க, அதனால களத்துல கொட்டி ரெண்டு நாள் காய வச்சோம்.

கடைசியில அந்தப் பையனை அவன் சித்தப்பா மூலமாப் புடிச்சோம். நல்ல பையன். அவன் நம்பருக்கு வந்த எண்ணைச் சொன்னான், பூட்டு திறந்துச்சு. நம்பர்கள் எல்லாம் திரும்பி வந்துச்சு. போட்டோ வரல. வாட்ஸ்அப் பேச்சு எதுவும் வரல, ஏன்னா பேக்கப்னு ஒண்ணை யாரும் போட்டு வைக்கவே இல்ல. அதுல எங்க அண்ணன் அனுப்பின குரல் பதிவுகள் இருந்துச்சு. அண்ணன் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. "தம்பி, வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, மடையைப் பாத்துட்டு வா"ன்னு காலை அஞ்சு மணிக்கு அனுப்புவாரு. பத்து செகண்டு, பதினஞ்சு செகண்டு. பெரிய விஷயம் எதுவும் இருக்காது. எப்பயாவது வரப்புல உட்கார்ந்து போட்டுக் கேப்பேன். இனிமே கேக்க முடியாது.

இதுல யார் மேல தப்பு? "பெரியவங்களுக்கு டெக்னாலஜி தெரியாது"ன்னு ஒரு வரியில முடிச்சுடுவீங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். மோட்டாரை வீட்டுல இருந்தே போன்ல ஓட்டுறேன். பூச்சி விழுந்த இலையைப் போட்டோ எடுத்து அனுப்பி மருந்து கேக்கிறேன். காசு அனுப்புறேன், வாங்குறேன். எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணு, என் சாவி யார்கிட்ட இருக்குங்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லல. கடைக்காரனுக்கு அடுத்த கிராக்கி நிக்கிறான். மகனுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. போன் கம்பெனிக்காரன் திரையில "புது அனுபவத்துக்குத் தயாரா?"ன்னு மட்டும் கேக்கிறான். பேட்டர்ன் ஞாபகம் இருக்கா, பேக்கப் இருக்கா, இந்த வாரம் உனக்கு அறுப்பு இருக்கான்னு கேக்கிறதில்ல.

நாங்க நாத்தைப் பறிச்சுக் கட்டு கட்டி வச்சுட்டு அப்புறமா வயலைத் தேடுறதில்ல. உழுது, சேறடிச்சு, சமப்படுத்தி, தண்ணி நிறுத்தி, நடவு ஆளுக்குச் சொல்லிட்டுத்தான் நாத்தங்கால்ல கை வைப்போம். பறிச்சுட்டா பறிச்சதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது. பெரிய அப்டேட்டும் அப்படித்தான். புது ஆண்ட்ராய்டு ஏறிட்டா சாதாரண ஆளால பழசுக்குத் திரும்ப முடியாது. திரும்பின வரைக்கும் பார்த்தா எல்லாத்தையும் துடைச்சுட்டுத்தான் திரும்பணும். அப்படிப்பட்ட வேலையை பஸ்ஸுக்கு முன்னாடி கிடைச்ச அரை மணி நேரத்துல செய்யலாமா?

அப்டேட்டே வேணாம்னு நான் சொல்லல. அப்படிச் சொல்றவங்களும் எங்க ஊர்ல இருக்காங்க, அது தப்பு. மாசாமாசம் வர்ற சின்ன பாதுகாப்பு அப்டேட்டு களை எடுக்கிற மாதிரி, அதைத் தள்ளிப் போடக்கூடாது. போன்ல பேங்க் இருக்கிற காலத்துல ஓட்டையை அடைக்காம விடுறது முட்டாள்தனம். நான் சொல்றது வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா ஆண்ட்ராய்டையே மாத்துற பெரிய அப்டேட்டைப் பத்தி. அதுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்க அப்பா அம்மா போனுக்கு இதை நீங்க செய்யுங்க.

முதல் வேலை சாவி. பேட்டர்ன், நம்பர் எதுவா இருந்தாலும் அவங்களையே ஒரு தடவை போடச் சொல்லிப் பாருங்க. ஜிமெயில் பேரு, பாஸ்வேர்டு தெரியுமான்னு கேளுங்க. மீட்புக்குக் கொடுத்திருக்கிற நம்பர் யாரோடதுன்னு உள்ள போயிப் பாருங்க. அவங்க நம்பரா மாத்துங்க, கூட உங்க நம்பரையும் சேருங்க. ஒரு நோட்டுல எழுதி பட்டா, பத்திரம் வச்சிருக்கிற பெட்டியில வைங்க. பேங்க் ரகசிய எண்ணை மட்டும் அதுல எழுதாதீங்க.

ரெண்டாவது, உள்ள இருக்கிறதைக் காப்பாத்துறது. போட்டோவை ஒரு பென்டிரைவுக்கோ கம்ப்யூட்டருக்கோ ஏத்துங்க. வாட்ஸ்அப் பேக்கப் போட்டு, அது முடிஞ்சிருக்கான்னு தேதியைப் பாருங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. முன்னாடி ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனியா கணக்குப் பார்க்க மாட்டாங்க. இப்ப அதுவும் இலவசமா கொடுக்கிற 15 ஜிபிக்குள்ளதான் அடங்கணும். போட்டோவும் வீடியோவும் அந்த இடத்தை நிரப்பிட்டா பேக்கப் பாதியிலயே நின்னுடும், நமக்குத் தெரியவே தெரியாது. குட் மார்னிங் வீடியோக்களை அழிச்சுட்டுப் போடுங்க. எதை அழிக்கலாம்னு அவங்களைக் கேட்டு அழிங்க. உங்களுக்குக் குப்பையா தெரியிறது அவங்களுக்கு அண்ணன் குரலா இருக்கும்.

மூணாவது நம்பர்கள். முக்கியமான இருபது நம்பரைக் காகிதத்துல எழுதுங்க. மெஷின்காரர், டிராக்டர்காரர், மருந்துக்கடை, கால்நடை டாக்டர், லைன்மேன், சொசைட்டி. ஒரு பட்டன் போனை சார்ஜ் போட்டு வைங்க. ஏதாவது ஆனா சிம்மைத் தூக்கி அதுல போட்டுக்கலாம்.

நாலாவது இடம், சார்ஜ், நெட். எங்க ரீசார்ஜ்ல ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. பெரிய அப்டேட்டு ரெண்டு மூணு ஜிபி வரைக்கும் போகும். ஒரு நாள் நெட்டுல இறங்கி முடியாது. அதனால வீட்டு வைஃபையிலயோ உங்க நெட்டுலயோ இறக்கிக் கொடுங்க. 64 ஜிபி போன்ல பத்து ஜிபியாவது காலியா இருக்கட்டும். கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்? சார்ஜ் முழுசா ஏத்திட்டு ஆரம்பிங்க.

அஞ்சாவதுதான் எனக்கு முக்கியம், காலம். விதைப்பு, நடவு, அறுவடை, கொள்முதல் நிலையத்துல இருந்து பணம் வரவேண்டிய நாள் இது எதுலயும் போன் மேல கை வைக்காதீங்க. அறுத்து, வித்து, காசு கணக்குல ஏறினதுக்கு அப்புறம் செய்யலாம். புதுசு வந்த அன்னைக்கே ஏத்தணும்னு அவசரமும் இல்ல. ஒரு மாசம் பொறுத்தா, அதுல என்ன குறை இருக்குன்னு அடுத்தவங்க பட்டுச் சொல்லிடுவாங்க. போட்டப்புறம் ஒரு நாள் கூடவே இருங்க. பணம் அனுப்புற ஆப்ல ஒரு ரூபா அனுப்பிப் பாருங்க, பேங்க் ஆப், மோட்டார் ஆப் எல்லாம் ஓடுதான்னு பாருங்க. பட்டன் எங்க மாறியிருக்குன்னு அவங்களுக்குக் காட்டுங்க. பாதி கஷ்டம் அந்த இட மாத்தத்துலதான். பழகின கதவு ஒரே ராத்திரியில வேற சுவருக்குப் போனா நீங்களும் தடுமாறுவீங்க.

இன்னொண்ணு. உண்மையான அப்டேட்டு போன் செட்டிங்ஸ்க்குள்ளதான் வரும். வாட்ஸ்அப்ல "பி.எம். கிசான் புது ஆப், இதை அப்டேட் பண்ணுங்க"ன்னு வர்ற பைல் எல்லாம் பேங்கைச் சுரண்ட வர்றது. அதைத் தொடாதீங்கன்னு சொல்லி வைங்க.

இதெல்லாம் வீட்டுக்குள்ள நாம செய்யுறது. வெளியில செய்யவேண்டியவங்களும் இருக்காங்க.

போனை வச்சுக்கறது எங்க விருப்பமா இருந்த காலம் போயிடுச்சு. பி.எம். கிசான்ல வருஷம் 6000 ரூபா, மூணு தவணை. அதுக்கு இ-கேஒய்சி வேணும். ஓடிபி ஆதார்ல இருக்கிற நம்பருக்குத்தான் வரும். மம்பட்டி புடிச்சுத் தேய்ஞ்ச விரல்ல ரேகை விழாதுன்னு 2023ல முகத்தைக் காட்டியே பண்ற வசதியை ஆப்ல கொண்டு வந்தாங்க. நல்லதுதான், நான் குறை சொல்லல. நூறு நாள் வேலையில 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவு ஆப்லதான்னு ஆக்குனாங்க. போட்டோ எடுத்து ஏத்தினாத்தான் கூலி. அந்தப் போன் பல இடத்துல வேலையை மேற்பார்க்கிற பொண்ணோட சொந்தப் போன். அது அன்னைக்குக் காலையில அப்டேட்டுல மாட்டிக்கிட்டா அத்தனை பேர் கூலிக்கும் யார் பொறுப்பு? கையில பாஸ்புக்கும் காகிதமும் வச்சுக்கிட்டு வர்ற ஆளுக்கும் ஒரு வழி எப்பவும் திறந்திருக்கணும். அதை உதவியாக் கேக்கல, உரிமையாக் கேக்கிறேன்.

அடுத்தது போன் கம்பெனிங்க. விலை அதிகமான போனுக்கு ஏழு வருஷம் அப்டேட்டு தர்றோம்னு 2023ல கூகுள் பிக்சல் 8க்குச் சொன்னாங்க, 2024ல சாம்சங் எஸ்24க்குச் சொன்னாங்க. அப்போ அது முடியாத காரியம் இல்லைன்னு ஆகுது. எங்க கைக்கு வர்ற பல மலிவு மாடலுக்கு ஒண்ணோ ரெண்டோ பெரிய அப்டேட்டுதான். அதுக்கப்புறம் போன் நல்லா ஓடிக்கிட்டிருக்கும், ஆனா ஆப் புது ஆண்ட்ராய்டு கேக்கும். போன் கெட்டுப்போகாமலே செத்துப்போகும். முப்பது வருஷம் ஓடுற டீசல் இஞ்சினை கிரீஸ் வச்சு வச்சு ஓட்டுற ஆளுங்ககிட்ட மூணு வருஷத்துல போனைத் தூக்கிப் போடச் சொல்றாங்க.

மத்த நாட்டுல கேள்வி கேட்டிருக்காங்க. இத்தாலியில 2018ல, அப்டேட்டால பழைய போனை மந்தமாக்கினதுக்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கு. ஒரு மாடல் விக்கிறதை நிறுத்தின தேதியில இருந்து அஞ்சு வருஷத்துக்காவது அப்டேட்டு கிடைக்கணும், ஏழு வருஷத்துக்கு உதிரிபாகம் கிடைக்கணும். விலை கூடுன போன், குறைஞ்ச போன்னு அதுல பேதம் இல்ல. அந்த மாதிரி ஒண்ணு இங்கேயும் வேணும். கூடவே இன்னொண்ணும் கேக்கிறேன். போன் விக்கிற கடையில ஜிமெயில் ஆரம்பிச்சுக் கொடுத்தா, பேரு, பாஸ்வேர்டை வாங்கினவன் கையில ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டுத்தான் டப்பாவை மூடணும். பைக் வாங்கினா சாவியைக் கொடுக்கிறான்ல? போனுக்கு மட்டும் ஏன் கொடுக்கக்கூடாது?

"உரத்துக்கே வழியில்ல, இவர் போன் அப்டேட்டுக்குச் சண்டை போடுறாரு"ன்னு எங்க ஊர்லயே சிரிப்பாங்க. சிரிக்கட்டும். உர விலையைக் கேக்கவும், நெல் காசு வந்துச்சான்னு பாக்கவும், மழை வருமான்னு தெரிஞ்சுக்கவும் அந்தப் போனைத்தான் எடுக்கிறாங்க. அருவாளும் மம்பட்டியும் மாதிரி அதுவும் இப்ப விவசாயச் சாமான். அருவாளை ராத்திரியோட ராத்திரியா வேற ஆள் வந்து புடியை மாத்திட்டுப் போனா சும்மா இருப்போமா?

மாசியில மகன் மறுபடி வந்தான். நான் ஒண்ணும் சொல்லல. அவனா வந்து அரை நாள் உட்கார்ந்தான். என் போனு, அவன் அம்மா போனு, பக்கத்து வீட்டுப் பெரியப்பா போனு மூணுக்கும் சாவியெல்லாம் எழுதி நோட்டுல வச்சான். மீட்பு நம்பர்ல என் நம்பர் இருக்கு. நோட்டு இப்ப பெட்டியில, பட்டாவுக்கு மேல இருக்கு. கிளம்பும்போது, "சித்தப்பா பையன்கிட்ட கேட்டிருக்கேன்ப்பா, பெரியப்பா அவனுக்கு அனுப்புன வாய்ஸ் ஏதாவது இருந்தா தேடித் தர்றேன்னான்"னு சொன்னான்.

ஒண்ணு கிடைச்சாலும் போதும்.